கடலடி எரிமலையை வகுப்பறையில் காட்டும் முறை

எரிமலையை வரையச் சொன்னால், காங்கேயத்திலோ கோபியிலோ படிக்கும் மாணவர் பெரும்பாலும் நெருப்பைக் கக்கும் கூம்பு மலையையே வரைவார். ஆனால் பூமியில் வெளிப்படும் பாறைக்குழம்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடலுக்கு அடியில்தான் வெளிப்படுகிறது.

முதலில், பூமிக்குள் நெருப்புக் கடல் இருக்கிறது என்ற எண்ணத்தை நீக்குங்கள். பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசம் என்ற அடுக்கு பெரும்பாலும் திடப்பாறையே. இரண்டு புவித்தட்டுகள் விலகும் இடத்தில் அடியிலுள்ள சூடான பாறை மேலெழுகிறது. வெப்பம் அதிகம் குறையாமல் அழுத்தம் மட்டும் குறைவதால் அதில் ஒரு பகுதி உருகுகிறது. குக்கருக்குள் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காத நீர், அழுத்தம் தணிந்ததும் கொதிப்பதை நினைவூட்டினால் இது எளிதில் புரியும். இவ்வாறு உருவான நடுக்கடல் மலைத்தொடர்களின் நீளம் சுமார் 65,000 கிலோமீட்டர். நம் அரபிக்கடலில் உள்ள கார்ல்ஸ்பெர்க் தொடரும் அவற்றுள் ஒன்று. ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் அமிழும் இடத்தில் காரணம் வேறு: அமிழும் தட்டு கொண்டுசெல்லும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அந்தமானின் பாரன் தீவு அவ்வாறு கடலடியிலிருந்து எழுந்த எரிமலையின் உச்சியே.

அடுத்து சோதனை. வெப்பம் தாங்கும் 500 மி.லி. கண்ணாடி பீக்கரின் அடியில் சிவப்பு மெழுகை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு உருக்கி உறைய விடுங்கள். அதன்மேல் அதே உயரத்துக்கு மணல் பரப்புங்கள். எம்-சாண்ட் என்றால், கழுவிய நீர் தெளியும்வரை பலமுறை அலசுவது அவசியம். இல்லாவிடில் தூசி கலங்கி எதுவும் தெரியாது. பிறகு கரண்டியின் முதுகில் வழியவிட்டுக் குளிர்ந்த நீரை முக்கால் பீக்கர் நிரப்பி, முக்காலியில் வைத்து அடியின் நடுப்பகுதியை விளக்கால் சூடாக்குங்கள். விளக்கை ஆசிரியரே ஏற்ற வேண்டும்; பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த மாணவர்கள் சற்றுத் தள்ளி நிற்கட்டும், பீக்கருக்கு மேல் யாரும் குனியக் கூடாது. சில நிமிடங்களில் மெழுகு மணலைப் பிளந்து சிவப்பு இழையாக எழும்பி, நீர் பட்ட இடத்திலேயே உறையும். உடனே விளக்கை அணைத்துவிடுங்கள்.

இந்த மாதிரி எங்கே பொருந்தாது என்பதைச் சொல்லாமல் வகுப்பை முடிப்பது முறையன்று. என் கருத்தில் பாடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. மெழுகு மிதக்கும்; ஆனால் லாவா, அதாவது வெளிவந்த பாறைக்குழம்பு, நீரைவிடக் கனமானதால் கடல்தரையிலேயே தங்கி, வெளிப்புறம் சட்டென உறைய, உள்ளிருப்பது அதைப் பிளந்து பிதுங்கித் தலையணை வடிவம் பெறும். மேலும் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 2,000 மீட்டர் ஆழத்தில் வாயுக்கள் விரிய இடமின்றி வெடிப்பு பெரும்பாலும் அடங்கியே நிகழ்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் நிலைமை நேர்மாறானது என்பதற்கு, 2022 ஜனவரி 15-ல் பசிபிக் தீவு நாடான டோங்காவில் வெடித்து சுனாமியை எழுப்பிய எரிமலையைக் காட்டலாம்.

பீக்கர் முழுதும் ஆறிய பின் மெழுகைச் சுரண்டி எடுத்து அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.