தனியார் பல்கலைக்கழகத்தில் பாரபட்சமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தனியார் நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் (டீம்டு யுனிவர்சிட்டி) பாடம் நடத்துவது, கேள்வித்தாள் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் பெரும்பாலும் ஒரே வளாகத்துக்குள் முடிந்துவிடும். ஆசிரியர் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்தால் மார்க்கிலும் அது வந்துவிடும். வேறொரு பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும், தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரியில் செமஸ்டர் தாளையாவது முகம் தெரியாத ஒருவர் திருத்துவார். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் ரூட் எல்லாம் விசாரிக்கிறார்கள். இன்டர்னலுக்கு (வகுப்பு டெஸ்ட் போன்றவற்றுக்கு ஆசிரியரே போடும் மார்க்) எத்தனை மார்க், அதை எப்படிப் பிரித்துப் போடுகிறார்கள் என்று கேட்பவர் குறைவு.

இன்டர்னல்தானே என்ற அலட்சியம்தான் பெரிய தவறு. இன்டர்னலுக்கு 50, செமஸ்டருக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் செமஸ்டரில் ஆளுக்கு 30. சாருக்கு வேண்டிய பையனுக்கு இன்டர்னல் 46, மற்றவனுக்கு 36. மொத்தம் 76, 66. எல்லாப் பாடத்திலும் இப்படியே போனால், 70 சதவீதம் கேட்கும் கம்பெனியின் கேம்பஸ் இன்டர்வியூவில் இரண்டாமவன் உட்காரவே முடியாது.

மார்க்கை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதும் தவறுதான். சிம்போசியம், நல்ல ப்ராஜெக்ட் தலைப்பு, லேபில் கருவியைத் தொடும் வாய்ப்பு எல்லாம் அதே நாலு பேருக்குப் போனால் மற்றவர்கள் சந்தேகம் கேட்பதையே விட்டுவிடுவார்கள். வேதாரண்யம் பக்கத்துத் தமிழ் மீடியம் பெண் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டு, “இதுகூடத் தெரியாதா?” என்று பதில் வாங்கினால் போதும், செமஸ்டர் முழுக்கக் கடைசி பெஞ்சுதான். செல்லப்பிள்ளைக்கும் லாபமில்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வு) பார்த்துப் போட்ட மார்க், கம்பெனி வைக்கும் கோடிங் டெஸ்ட்டில் கைகொடுக்காது.

நம் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு பழக்கம் உண்டு: தெரிந்தவரைப் பிடித்துச் சொல்லிவைப்பது. தை அறுவடை முடிந்ததும் புது அரிசி ஒரு மூட்டை, கூடவே ஒரு வாழைத்தார். மரியாதைக்குத்தான் என்பார்கள். சரி, வாங்கிக்கொண்டவர் அடுத்த வாரம் யாருடைய தாளைத் திருத்துகிறார்? பாரபட்சம் என்று புலம்புகிறவரே அதற்கு வண்டி பிடித்து அனுப்பிவைக்கிறார்.

மாணவர்கள் ரிசல்ட் வந்தபிறகு வாட்ஸப் குரூப்பில் கொட்டித் தீர்ப்பதோடு சரி. திருத்திய டெஸ்ட் தாள் கைக்கு வந்த அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். “ஓரவஞ்சனை செய்கிறார்” என்று எழுதாதீர்கள். எந்தக் கேள்வி, என்ன விடை, அதே விடைக்கு இன்னொருவருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். முதலில் துறைத்தலைவரான ஹெச்.ஓ.டி.யிடம், அப்புறம் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவிடம் கொடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிமுறைப்படி இந்தக் குழு இருந்தாக வேண்டும். கூடுமானவரை 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால், முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்பெர்சன்) மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று மட்டும் கேட்டுப் போனால் அவர் ஏற்கமாட்டார். ரிசல்ட்டையே மாற்றிய முறைகேடு இது, அல்லது பாகுபாடு இது என்று குறிப்பாகக் காட்ட வேண்டும். போட்டோ எடுத்து வைக்கச் சொன்னது அதற்குத்தான்.