தெரிந்தே கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்லலாம்?

விடை தெரிந்திருந்தும் கேட்கும் கேள்வியைத் தமிழ் இலக்கணம் ‘அறிவினா’ என்று வகுத்து, ஆசிரியர் மாணவரிடம் கேட்பதை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஆனால், தெருவில் நம்மிடம் கேட்கப்படுபவை பெரும்பாலும் சோதனைகள் அல்ல, பேச்சைத் தொடங்கும் வழிகள். மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி அலுவலகப் பையுடன் வீடு திரும்பும்போது, வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டு மாமி “இப்பதான் வர்றியாப்பா?” என்று கேட்டால், தலையை மட்டும் அசைத்துக் கடந்துவிடாமல், “ஆமா மாமி, வண்டியில நிக்கவே இடமில்ல; உங்க முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?” என்று ஒரு செய்தியும் ஒரு விசாரிப்பும் சேர்த்துச் சொல்லுங்கள். தனியாக வாழும் முதியவருக்கு அன்றைய முதல் பேச்சே அதுவாக இருக்கக்கூடும் என்பதால், இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். மேலதிகாரி தெரிந்தே “வேலை முடிந்ததா?” என்று கேட்டால் மட்டும், முடிந்ததையும் மீதமிருப்பதையும் சுற்றி வளைக்காமல் கூறிவிடுவது நல்லது.