பால்மறந்த குழந்தையைப்போல நம்புதல்: பெரியவர்களுக்கான ஒரு வழிகாட்டி

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்புறம் குழித்துறை, மார்த்தாண்டத்திலும் அப்புறம் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களில், "பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால் பரலோகராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டீர்கள்" என்ற வசனத்தை அறியாதவர் குறைவு. அப்படி ஆவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால்தான் பலருக்கும் பதில் தடுமாறுகிறது. கேள்வி கேட்காமல் இருப்பதே பிள்ளைத்தன்மை என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். கேள்வி கேட்காத பிள்ளையை அவர்கள் எந்த வீட்டில் கண்டார்களோ தெரியவில்லை. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில், பரலோகராஜ்யத்தில் யார் பெரியவன் என்று சீஷர்கள் கேட்டபோதே இயேசு ஒரு பிள்ளையை நடுவே நிறுத்தினார். மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் அவரிடம் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள், கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவர்கள். ஆகவே பழக வேண்டியவை இரண்டு: தன் தகுதியைக் காட்டாமல் வருவது, விலை பேசாமல் பெற்றுக்கொள்வது.

விலை பேசும் வழக்கத்திலிருந்தே தொடங்குங்கள். நேர்ச்சை என்றும் பொருத்தனை என்றும் நாம் சொல்வது நன்றியின் அடையாளமாக இருக்கும்வரை அதில் குறையில்லை. ஆனால் மகனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தால் இவ்வளவு தருகிறேன் என்று முன்கூட்டியே தொகை குறிப்பது, தகப்பனிடம் பேசும் முறையாகாது. நினைத்தது நடந்த பின்பு மனமுவந்து கொடுங்கள். கேட்கும்போது வெறுங்கையுடன் கேளுங்கள். சில மாதங்களுக்கு இதை மட்டும் கடைப்பிடித்தாலே, நம் ஜெபத்தில் எவ்வளவு பகுதி பேரமாக இருந்தது என்பது விளங்கிவிடும்.

அடுத்து, வீட்டில் பேசும் பேச்சிலேயே ஜெபிக்கப் பழகுங்கள். ஆராதனையில் ஓதும் செந்தமிழ்ச் சொற்கள் சபைக்கு உரியவை. தனியே இருக்கும்போது, பாதி மலையாளம் கலந்த நம் எல்லைப்புறத் தமிழே போதும். கெத்செமனேயில் இயேசு "அப்பா பிதாவே" என்று அழைத்து, இந்தப் பாத்திரத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும் என்று நேரடியாகவே கேட்டார். தம் சித்தத்தைப் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தது அதற்குப் பிறகுதான். நாமோ பயத்தையும் கோபத்தையும் மறைத்துவிட்டு, முதல் வரியிலேயே "உமது சித்தம்" என்று முடித்துவிடுகிறோம். மழை பிடித்து ரப்பர் பால்வெட்டு நின்று, வாரக்கூலி இல்லாமல் போயிருந்தால், கடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியைத் தொகையோடு சொல்லிக் கேளுங்கள். கர்த்தருடைய ஜெபமும் இன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைத்தான் கேட்கச் சொல்கிறது.

கேட்டது கிடைக்காதபோது என்ன செய்வது என்பதே இதில் கடினமான பகுதி. அதற்கு 131-ஆம் சங்கீதத்தைக் கையில் எடுங்கள். அது மூன்றே வசனங்கள் கொண்டது. "என் ஆத்துமா பால்மறந்த குழந்தையைப்போல் எனக்குள் இருக்கிறது" என்று அது சொல்கிறது. மடியிலே பால் குடிக்கும் குழந்தையைச் சங்கீதக்காரன் தேர்ந்துகொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். தாய் வேப்பிலையை அரைத்துப் பூசிப் பால் மறக்கடிக்கும்போது, குழந்தை இரவெல்லாம் அழுகிறது, தாயை அடிக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தன்னிடம் என்ன குற்றம் கண்டு இது மறுக்கப்படுகிறது என்று அதற்கு விளங்குவதில்லை. பிறகு ஒரு நாள் அதே மடிக்கு வந்து, பாலைத் தேடாமல், தாய் இருக்கிறாள் என்பதற்காக மட்டும் சாய்ந்துகொள்கிறது. பெரியவர்களுக்கு ஏற்ற பிள்ளைத்தனம் இதுவே என்பது என் எண்ணம். மறுப்பை ஒருமுறையேனும் சந்திக்காத நம்பிக்கையை நம்பிக்கை என்று சொல்வதற்கு எனக்குத் தயக்கமுண்டு.

இதைப் பழகும் முறை எளியது. செய்வது மட்டும் எளிதன்று. மறுக்கப்பட்ட காரியத்தைக் குறித்து முதலில் முறையிட்டுத் தீருங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதம் அதற்கு வழிவிடுகிறது. அழுகை தணிந்த பின்பு, நாள்தோறும் சற்று நேரம் எதையும் கேட்காமல் அமர்ந்திருங்கள். மனம் மீண்டும் விண்ணப்பத்துக்கு ஓடினால் அதை அதட்ட வேண்டாம். மெதுவாக அந்த மூன்று வசனங்களுக்குத் திருப்புங்கள். நம் நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை, பயிரும் ஆடுமாடும் அழிந்து மனமுடைந்திருந்த காலத்தில், குளச்சல் போரில் பிடிபட்டு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படையில் சேர்ந்த டச்சுப் படைத்தலைவர் டி லனாய், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை அவருக்குச் சொன்னார் என்பது வரலாறு. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற பின்பும் அவருக்கு வாழ்க்கை இலகுவாகவில்லை. 1749-இல் கைதாகி, 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். கேட்டதெல்லாம் கிடைப்பதே விசுவாசத்தின் சான்று என்று போதிப்பவர்களுக்கு, அவருடைய வாழ்க்கையில் இடமில்லை.

அப்படிப் போதிப்பவர்களிடம் எச்சரிக்கையாகவும் இருங்கள். "துர்க்குணத்திலே குழந்தைகளாயும், புத்தியிலோ தேறினவர்களாயுமிருங்கள்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். மருந்தை நிறுத்திவிட்டு விசுவாசியுங்கள் என்று ஒருவர் சொன்னால், மருந்தை நிறுத்தாமல் அவரிடம் போவதை நிறுத்துங்கள். காணிக்கைக்குக் கணக்குக் கேட்பதால் கடவுள்மேல் உள்ள நம்பிக்கை குறைந்துவிடாது.

தகப்பன் என்ற உறவே காயமாக இருப்பவர்களும் நம் சபைகளில் உண்டு. குடித்துவிட்டு வந்து அடித்த தகப்பனின் பிள்ளை, "அப்பா" என்று ஜெபிக்கத் தொடங்கும்போதே உடல் இறுகிப்போவதில் வியப்பில்லை. அவர்கள் அந்தச் சொல்லைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்" என்ற ஏசாயா 66:13-இலிருந்து அவர்கள் தொடங்கலாம். அந்தப் பிள்ளைப்பருவத்தைக் குறித்து, நம்பத்தக்க போதகரிடமோ மூத்த சகோதரியிடமோ ஒருமுறை வாய்விட்டுப் பேசிவிடுவதும் நல்லது.