வாந்திபேதிக்கு ஓ.ஆர்.எஸ்.: அளவு ஏன் பிசகக் கூடாது

கொங்குப் பக்கத்தில் பேதி என்றதும் குளுக்கோஸ் பவுடர், சோடா, பொள்ளாச்சி இளநீர் என்று கைக்குக் கிடைத்ததைக் கொடுப்போம். மூன்றிலும் ஏதோ ஒன்று குறைகிறது, அல்லது கூடுகிறது. உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்த, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடியான ஓ.ஆர்.எஸ்.ஸில்தான் கணக்குச் சரியாக இருக்கும். எது என்று தெரிய, குடலின் உட்சுவரில் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

சிறுகுடலின் உட்பரப்பில் செல்கள் ஒற்றை அடுக்காக நெருங்கி நிற்கின்றன. கடும் பேதியைத் தரும் காலராக் கிருமி இந்தச் செல்களுக்குள் புகுவதில்லை, அவற்றைக் கொல்வதுமில்லை. அது விடும் நச்சில் இரண்டு பகுதிகள் உண்டு. ஐந்து துண்டுகள் சேர்ந்த பி பகுதி, செல்லின் மேலுள்ள ஜி.எம்.1 என்ற மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். ஏ பகுதி உள்ளே போய், ஜி புரதம் என்ற சுவிட்சை ஆன் நிலையிலேயே பூட்டிவிடும். செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு ஏறும், சி.எஃப்.டி.ஆர். என்ற குளோரைடு வழி திறந்தே நிற்கும். குளோரைடு வெளியேற, அதன் பின்னால் சோடியமும் தண்ணீரும் போகும். வாய்க்கால் மதகைத் தூக்கிவிட்டுச் சாவியைக் கிணற்றில் போட்ட மாதிரி. கூடவே சளியும் கொட்டுவதால்தான் மலம் அரிசி கழுவிய தண்ணீர் போல வருகிறது. இ.கோலி என்ற குடல் கிருமியின் ஒரு வகை நச்சும் இதே வழியில் வேலை செய்யும். கிருமியே இல்லாத, வடிகட்டிய திரவத்தைச் செலுத்தியும் முயலின் குடலில் தண்ணீர் சேரும் என்று 1959இல் கல்கத்தாவில் ஆராய்ச்சியாளர் சம்பு நாத் தே காட்டினார்.

இங்கேதான் நமக்கு ஒரு பிடி கிடைக்கிறது. சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் இன்னொரு வழியை நச்சு தொடுவதில்லை. இந்த வழியில் ஒன்று இல்லாமல் மற்றது போகாது. ஓ.ஆர்.எஸ். மொத்தமும் இதை நம்பித்தான் இருக்கிறது.

ஒரு லிட்டர் பொட்டலத்தில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, ஆக 20.5 கிராம். கரைத்தால் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் (மூலக்கூறு எண்ணிக்கையின் அளவு) என்று சமமாக நிற்கும். சிறிய பொட்டலம் 200 மி.லி.க்கு. பெரும்பாலான தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது: பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிவிடுவார்கள். கரைசல் கெட்டியானால் குடலே உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும், பேதி கூடும். பாதியைக் கரைத்து மீதியை மடித்து வைப்பதும் வேண்டாம், பொடி ஒரே சீராகக் கலந்திருக்காது.

நம் ஊருக்கென்று இன்னொன்று. போர் உப்புத்தண்ணியில் கரைக்காதீர்கள். அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, கணக்கு மாறிவிடும். குடிக்கிற நல்ல தண்ணியைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அளவு குறித்த பாட்டிலில் ஒரு லிட்டர் எடுத்துக் கரையுங்கள். கரைத்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. 24 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிடுங்கள்.

பொட்டலம் இல்லாத ராத்திரியில் ஒரு லிட்டருக்கு தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் தூள் உப்பு. கல் உப்பு வேண்டாம், கரண்டிக்குக் கரண்டி எடை மாறும். இதில் பொட்டாசியம் இல்லை, பொட்டலம் கிடைக்கும் வரைதான். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. இனிப்புச் சோடாவிலும் பழச்சுவைப் பானங்களிலும் சர்க்கரை அதிகம். குளுக்கோஸ் தண்ணியில் உப்பே போதாது. உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் கூடவே கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக அல்ல.

ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மி.லி., 10 வயது வரை 100 முதல் 200, பெரியவர்களுக்குக் கேட்கும் அளவு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பசித்தால் குழைந்த அரிசிம்பருப்புச் சோறு கொடுக்கலாம்.

‘குடித்தும் நிக்கலையே’ என்று பாட்டிலை மூடிவிடாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது, இழந்ததை ஈடுகட்டும். பூட்டிய சுவிட்சை மருந்து திறக்காது. குடலின் செல்கள் சில நாளில் தாமே உதிர்ந்து புதியவை வரும், அதுவரை ஈடுகொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரையும் வேண்டும்: 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., அதற்குக் கீழே 10. பேதி நிற்க வைக்கும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

மலத்தில் ரத்தம் கண்டால் கதை வேறு. ஷிகெல்லா போன்ற கிருமிகள் செல்லையே அழிக்கும், மருத்துவர் பார்த்தாக வேண்டும். கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பி, துவண்டு, குடிக்கவும் முடியாமல் போனால் வாய்வழி இனி போதாது. 108ஐக் கூப்பிடுங்கள். விழுங்க முடிகிற ஆளென்றால், வண்டி வரும் வரை ஸ்பூனை நிறுத்தாதீர்கள்.