எக்செல்லிலிருந்து எச்ஆர் மென்பொருளுக்கு: வளரும் நிறுவனம் எதில் தொடங்க வேண்டும்?

நிறுவனத்தில் பத்துப் பேர் வந்தால் இஎஸ்ஐ (ஊழியர் அரசுக் காப்பீடு), இருபது பேர் வந்தால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் மென்பொருள் தேடத் தொடங்குகிறார்கள். அப்ரைசல், ஆள்சேர்ப்பு, மொபைல் ஆப் என்று எல்லா மாட்யூலையும் ஒரேயடியாக வாங்கிப்போடுவதில் பயனில்லை. சம்பளம் கடைசிவரை எக்செல்லிலேயே ஓடிக்கொண்டிருக்கும். முதலில் ஊழியர் விவரம், அடுத்து வருகைப்பதிவு, பிறகு சம்பளம். மற்றவை அப்புறம்.

1. ஊழியர் பட்டியல்

ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் வில்லன்: ஒன்றில் ஓரெழுத்து, இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. பிஎஃப் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) இங்கேதான் மாட்டும்.

எண்களை எக்செல்லில் ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்றிவிடுங்கள். எக்செல் 15 இலக்கம்வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்களும் போய்விடும். ஒட்டிய பிறகு மாற்றினால் போனது திரும்பாது.

2. வருகைப்பதிவு

பகல் ஷிப்ட்டில் சிக்கல் இல்லை. இரவு 10 முதல் காலை 6 வரையான ஷிப்ட்டில், உள்ளே வந்த பஞ்ச் ஒரு தேதியிலும் வெளியே போனது மறு தேதியிலும் விழும். அமைப்பைத் தொடாமல் விட்டால் இரண்டு நாளுமே ‘பஞ்ச் இல்லை’ என்று காட்டி, சம்பளம் பிடிக்கப்படும். அந்த ஷிப்ட்டுக்கு மட்டும் நாள் நள்ளிரவில் முடியாமல், மறுநாள் நண்பகல்வரை நீளும்படி வையுங்கள்.

3. சம்பளம்

பலர் சறுக்குவது இஎஸ்ஐயில். அதற்கான சம்பள வரம்பு மாதம் ரூ.21,000. ரூ.20,500 வாங்குபவருக்கு ஜூலையில் ரூ.22,000 ஆகிறது. உடனே பிடித்தத்தை நிறுத்திவிடக் கூடாது. பங்களிப்புக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்பதால் செப்டம்பர் முடியும்வரை, அதுவும் முழு 22,000-க்கும் கட்ட வேண்டும்: ஊழியர் 0.75% ரூ.165, நிறுவனம் 3.25% ரூ.715.

டெமோவில் விற்பனையாளர் காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். இந்த ஜூலை உயர்வையும் அந்த இரவு ஷிப்ட்டையும் கொடுத்து, உங்கள் கண்முன் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். நிறுவனக் கணக்கு வழக்கு ஏற்கெனவே ஜோஹோ புக்ஸில் என்றால், சம்பளத்துக்கு ஜோஹோ பேரோல் வசதி. இல்லையென்றால் கிரெய்ட்எச்ஆரையும் பார்க்கலாம். எதுவானாலும் இரண்டு மாதம் எக்செல்லையும் சேர்த்தே ஓட்டி, ஆளுக்கு ஆள் ஒப்பிடுங்கள்.

4. இனிதான் இந்த விவரங்கள் முடிவெடுக்க உதவும்

சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம், மேற்பார்வையாளர். இந்த நான்கும் ஒழுங்காக இருந்தால் முதல் 90 நாளில் யார் குழுவிலிருந்து ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பிரச்சினை சம்பளத்திலா, ஒரு சூப்பர்வைசரிடமா என்று பிரித்துப் பார்க்க இதுவே போதும். ஓவர்டைமையும் துறைவாரியாக எடுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து ஒரே துறையில் ஏறினால், முதலாளியிடம் புது ஆள் கேட்க அந்தத் தாளே சாட்சி.

சேர்ப்பு: மென்பொருளில் ஒருவரை ‘விலகியவர்’ ஆக்கினால் பிஎஃப்பிலும் முடிந்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். பல மென்பொருள்களில் ஆகாது. விலகிய தேதியை இபிஎஃப்ஓ (பிஎஃப்பை நடத்தும் அமைப்பு) தளத்தில் நிறுவனம் தனியாகப் பதிய வேண்டும். விட்டுவிட்டால், அவர் கடைசிப் பங்களிப்புக்குப் பின் இரண்டு மாதம் காத்திருந்து தானே பதிய வேண்டியதாகும். அதுவரை உங்களுக்குத்தான் போன் வரும்.