ஹைபர்நேட்டில் ஆர்டரும் ஐட்டமும்: பேரன்ட்-சைல்ட் உறவை மேப் செய்வது எப்படி

ஜாவா கிளாஸ்களை டேட்டாபேஸ் டேபிள்களோடு இணைக்கும் லைப்ரரி ஹைபர்நேட். ஒரு ஆர்டருக்குள் பல ஐட்டங்கள்: ஆர்டர் பேரன்ட், ஐட்டம் சைல்ட். டேட்டாபேஸில் இந்த உறவு முழுவதும் ஐட்டம் டேபிளில் உள்ள ஆர்டர்_ஐடி என்ற ஃபாரின் கீயில்தான் (வேறு டேபிளின் வரியைச் சுட்டும் நெடுவரிசை) நிற்கிறது. ஆர்டர் டேபிளுக்கு ஐட்டங்களைப் பற்றி எதுவும் தெரியாது. அதனால் மேப்பிங்கை எப்போதும் சைல்டிலிருந்து தொடங்குங்கள்.

ஐட்டம் கிளாஸில் ஆர்டர் என்ற ஃபீல்டுக்கு மெனிடூஒன் அனோட்டேஷன் (பல ஐட்டங்களுக்கு ஒரு ஆர்டர்) போடுங்கள். ஜேபிஏவில் (ஹைபர்நேட் பின்பற்றும் ஜாவா ஸ்டாண்டர்ட்) இதன் டீஃபால்ட் ஃபெட்ச் ஈகர், அதாவது ஐட்டத்தோடு ஆர்டரையும் உடனே எடுத்துவிடும். லேஸி (தேவைப்படும்போது மட்டும் எடுப்பது) என்று நீங்களே எழுத வேண்டும். கூடவே ஃபாரின் கீ நெடுவரிசையைச் சொல்லும் ஜாயின்காலமில் நல்லபிள் ஃபால்ஸ், அதாவது அது காலியாக (நல்) இருக்கக் கூடாது. கேஸ்கேட் (ஒன்றில் செய்ததை அதோடு இணைந்ததற்கும் செய்வது) இங்கே வேண்டவே வேண்டாம். சைல்ட் பக்கம் கேஸ்கேட் ரிமூவ் இருந்தால், ஒரு ஐட்டத்தை அழிக்கப் போய் ஆர்டரையும் அழிக்கப் பார்க்கும்.

ஆர்டர் கிளாஸில் லிஸ்டுக்கு ஒன்டூமெனி. ஃபாரின் கீயை வைத்திருக்கும் பக்கத்தைச் சுட்டும் அதன் மேப்டுபையில் வர வேண்டியது ஐட்டம் கிளாஸின் ஃபீல்டு பெயர்; டேபிளில் உள்ள நெடுவரிசையின் பெயர் அல்ல. லிஸ்டைக் காலி அரேலிஸ்டாக அங்கேயே தொடங்கி வையுங்கள். மேப்டுபையை விட்டுவிட்டால் ஹைபர்நேட் இதைத் தனி உறவாக எடுத்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு ஜாயின் டேபிளைத் தேடும். மேப்டுபைக்குப் பதில் பேரன்டிலேயே ஜாயின்காலம் போடுபவர்களும் உண்டு. எஸ்கியூஎல் லாகைத் திறந்து பார்த்தால் விஷயம் தெரியும்: 10 ஐட்டங்களுக்கு ஃபாரின் கீ காலியாக (நல்) 10 இன்சர்ட், பிறகு அதை நிரப்ப 10 அப்டேட். டேபிளில் நாட் நல் இருந்தால் முதல் இன்சர்ட்டிலேயே விழும்.

அதிகம் பேர் சறுக்குவது அடுத்த இடத்தில். லிஸ்டில் ஐட்டத்தைச் சேர்த்துவிட்டு, ஐட்டத்தில் ஆர்டரை செட் செய்யாமல் விடுவார்கள். ஃபாரின் கீயை எழுதுவது சைல்டின் ஃபீல்டு மட்டுமே என்பதால் அது காலியாகவே (நல்) போகும். நல்லபிள் ஃபால்ஸ் இருந்தால் எக்ஸெப்ஷன் வந்து காட்டிக்கொடுக்கும்; இல்லாவிட்டால் சத்தமில்லாமல் அநாதை வரிகள் சேரும். ஆர்டர் கிளாஸில் ஆட்ஐட்டம், ரிமூவ்ஐட்டம் என இரண்டு மெத்தட் எழுதி, இரு பக்கத்தையும் அதற்குள்ளேயே செட் செய்யுங்கள். லிஸ்டை வெளியிலிருந்து நேரடியாகத் தொட விடாதீர்கள்.

ஆர்டர் இல்லாமல் ஐட்டத்துக்கு வாழ்வே இல்லை என்றால் கேஸ்கேட் ஆல், ஆர்ஃபன்ரிமூவல் ட்ரூ இரண்டும் சரி. கேஸ்கேட் ஆலில் அடங்கிய கேஸ்கேட் ரிமூவ், ஆர்டரை அழித்தால் ஐட்டங்களையும் அழிக்கும். ஆர்ஃபன்ரிமூவல், லிஸ்டிலிருந்து எடுத்த ஐட்டத்தையும் டேட்டாபேஸிலிருந்து அழிக்கும். இது இருக்கும்போது செட்டரில் புது லிஸ்டைக் கொடுத்து மாற்றினால், கலெக்‌ஷனை அதன் என்டிட்டி (டேபிளோடு மேப் ஆன கிளாஸ்; இங்கே ஆர்டர்) இப்போது சுட்டவில்லை என்று ஹைபர்நேட் எக்ஸெப்ஷன் எறியும். பழைய லிஸ்டையே கிளியர் செய்து அதில் நிரப்புங்கள். ஜேபிஏவின் க்வெரி மொழியான ஜேபிக்யூஎல்லில் மொத்தமாக டிலீட் எழுதினால் கேஸ்கேட் ஓடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

படிக்கும்போது வேறு தொல்லை. 100 ஆர்டர்களை எடுத்து, லூப்பில் ஒவ்வொன்றின் ஐட்டங்களையும் தொட்டால் மொத்தம் 101 க்வெரி: ஆர்டர்களுக்கு ஒன்று, ஐட்டங்களுக்கு 100. ஜாயின் ஃபெட்ச், ஆர்டரையும் ஐட்டங்களையும் சேர்த்தே எடுத்து அதை ஒன்றாக்கும். ஆனால் ஜாயின் ஃபெட்சோடு பேஜினேஷனை (முடிவைப் பக்கம் பக்கமாக எடுப்பது) சேர்க்காதீர்கள்: ஹைபர்நேட் எல்லா வரிகளையும் மெமரிக்கு இழுத்து, பக்கத்தை அங்கேதான் வெட்டும். லாகில் ஒரு வார்னிங் மட்டும் வரும். டேட்டா பெருகும்போது சர்வர் திணறும். அப்படிப்பட்ட இடத்தில் பேட்ச்சைஸ் 25 போடுங்கள்; ஒரு க்வெரியில் 25 ஆர்டர்களின் ஐட்டங்களை எடுக்கும். 100 ஆர்டர்களின் ஐட்டங்களும் 4 க்வெரியில் வரும்.

டூஸ்ட்ரிங் போன்ற மெத்தட்களைத் தானே எழுதித் தரும் லாம்பாக்கின் டேட்டா அனோட்டேஷனை என்டிட்டியில் போடாதீர்கள். டூஸ்ட்ரிங் ஆர்டரிலிருந்து ஐட்டத்துக்கும் அங்கிருந்து மறுபடி ஆர்டருக்கும் ஓடி ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் முடியும். ஜாக்சன் லைப்ரரியில் ஜேசனாக மாற்றும்போதும் இதே சுழற்சிதான். என்டிட்டியை அப்படியே வெளியே அனுப்பாமல் டிடிஓ (வேண்டிய ஃபீல்டுகள் மட்டும் உள்ள தனி கிளாஸ்) எழுதுங்கள்.

டேபிளை போஸ்ட்கிரெஸில் உருவாக்கினால் ஆர்டர்_ஐடிக்கு இன்டெக்ஸை நீங்களே போட வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி ஃபாரின் கீக்குத் தானாகவே இன்டெக்ஸ் வைத்துவிடும், போஸ்ட்கிரெஸ் வைக்காது. அது இல்லாமல் ஒரு ஆர்டரை அழித்தால்கூட, அதைச் சுட்டும் வரி இருக்கிறதா என்று ஐட்டம் டேபிள் முழுவதையும் துழாவும்.