பாலைவனப் பட்டு ஈபிடிப்பானை எப்படிக் கண்டுபிடிப்பது?

அரிசோனா, கலிபோர்னியா பாலைவனங்களில் ஃபைனோபெப்லா என்றும் அழைக்கப்படும் இந்தப் பறவையைத் தேடிப் போகும் புதியவர்கள் பலர் வானத்தைப் பார்த்தபடியே நடப்பார்கள். பார்க்க வேண்டியது மரங்களை. அதிலும் புல்லுருவி என்ற ஒட்டுண்ணிச் செடி பிடித்த மரங்களை.

1. காலம். குளிர்காலம் தொடங்கி ஏப்ரல் வரை. வெயில் ஏறியதும் பெரும்பாலானவை ஓக், சிக்கமோர் மரங்கள் உள்ள பகுதிகளுக்குப் போய்விடும்.

2. புல்லுருவி. மெஸ்கீட், பாலோ வெர்டே மரங்களின் கிளைகளில் இலையே இல்லாததுபோல் குச்சி குச்சியாகத் தொங்கும் கொத்துகளைக் கவனியுங்கள். சின்னஞ்சிறு சிவந்த பழங்கள் இருக்கின்றனவா? இருந்தால் அங்கேயே நில்லுங்கள். ஒரு பறவை ஒரே நாளில் ஆயிரம் பழங்களுக்கு மேல்கூடத் தின்றுவிடும். தோலை உரித்துத் தனியாக ஒதுக்கும்படி அதன் இரைப்பை அமைந்திருக்கிறது. விதைகள் எச்சத்தோடு வெளியேறிப் பிசின்போலக் கிளையில் ஒட்டிக்கொள்ளும். அங்கேயே அடுத்த புல்லுருவி முளைக்கும். விதைகள் சரம் சரமாக ஒட்டிய கிளை கண்ணில் பட்டால் பறவை பக்கத்தில்தான் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியருகே காத்திருப்பது வீண் வேலை. நீரும் பெரும்பாலும் இந்தப் பழத்திலிருந்தே கிடைத்துவிடுவதால் அது குடிப்பது அபூர்வம்.

3. அடையாளம். உச்சிக் கிளையில் நிமிர்ந்து உட்காரும். ஆண் பளபளக்கும் கருப்பு, பெண் சாம்பல் நிறம். இரண்டுக்கும் கொண்டையும் சிவந்த கண்ணும் உண்டு. ஆண் பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று விரியும். பெண்ணை மாக்கிங்பேர்ட் என்ற வேறொரு பறவையாக நினைத்துவிடாதீர்கள். மாக்கிங்பேர்டுக்குக் கொண்டை கிடையாது.

4. குரல். 'வுர்ப்' என்று மேலேறி முடியும் ஒற்றை ஒலி. பிடிபட்டால் மற்ற பறவைகளின் குரலில் கத்தும் வழக்கமும் உண்டு.

பெயரில் ஈபிடிப்பான் என்றாலும் உண்மையான ஈபிடிப்பான்களோடு இதற்கு நெருங்கிய உறவில்லை. பட்டு ஈபிடிப்பான் குடும்பத்தில் இருப்பதே நான்கு இனங்கள்தாம். ஆனால் பூச்சிகளைப் பறந்தபடியே பிடிப்பதில் பெயருக்குக் குறை வைப்பதில்லை.

5. கூடு. எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான். பாலைவனத்தில் ஒவ்வொரு இணையும் தன் எல்லைக்குள் இன்னொன்றை விடாமல் துரத்தும். அதே இனம் ஓக், சிக்கமோர் மரக்காட்டுக்குப் போனதும் ஒரே மரத்தில் பல இணைகளாகக் கூடு கட்டும்! கட்டும் வேலையில் பெரும்பகுதி ஆணுடையது: சுள்ளிகளைச் சிலந்தி நூலால் பிணைத்த சிறு கிண்ணம், பெரும்பாலும் புல்லுருவிக் கொத்துக்குள்ளேயே. கூட்டைக் கண்டால் பத்தடி பின்வாங்கி, பைனாகுலரில் பாருங்கள்.